ஐந்து வாட் குரல்

தம்பி திக்காமல் பேசியது மரிய டெல்பினுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெர்க்மான்ஸுக்கு ஏழு வயதிலிருந்து திக்குவாய். எந்தப் பேச்சையும் அவன் நேரே தொடங்கியதில்லை. முதல் எழுத்தில் மூன்று முறை முட்டி நின்றுவிட்டுத்தான் சொல் வெளியே வரும். அப்படிப்பட்டவன் கடலில் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் போனதும் கோயில் உபதேசியார் மாதிரி பேசினான். அவன் வீட்டுச் சுவரில் பொருத்தியிருந்த வெள்ளைப் பெட்டியிலிருந்து, “ஷைனி, இன்னைக்கு நல்ல பாடு. பெரிய சூரை மீனு கெடச்சிருக்கு” என்று தடையில்லாமல் குரல் வரும். ஷைனி அடுப்படியில் நின்றபடியே சிரித்துக்கொண்டு பதில் சொல்வாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் புருஷனிடம் பேசியதைவிட அந்தப் பெட்டியிடம்தான் அவள் அதிகம் பேசியிருந்தாள்.

பெட்டியின் பெயர் துணைக்குரல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடித்த புயலில் சிலுவைத்துறை கிராமத்திலிருந்து போன நாற்பத்து மூன்று பேர் திரும்பவில்லை. அவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல யாருக்கும் வழி இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் துணைக்குரல் நிறுவனம் வந்தது. ஒவ்வொரு விசைப்படகிலும் வெள்ளைக் குடத்தைக் கவிழ்த்தாற்போல் ஒரு செயற்கைக்கோள் ஏரியலை வைத்தார்கள். கடலுக்குப் போகிற ஒவ்வொருவரையும் ஒரு அறையில் உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசச் சொல்லிக் குரலைப் பதிந்துகொண்டார்கள். ஆழ்கடலிலிருந்து செயற்கைக்கோளுக்கு முழுக்குரலை அனுப்ப நிறையச் செலவாகும். அதனால் குரலில் ஒரு சிட்டிகை மட்டும் மேலே போகும். கரையில் இருக்கும் இயந்திரம் அந்தச் சிட்டிகையை வைத்து, ஏற்கெனவே படித்துவைத்த குரலால் மீதியைச் செய்துகொள்ளும். திக்கலை அது தேவையில்லாத சத்தம் என்று எடுத்துக்கொண்டு தள்ளிவிட்டது.

டெல்பின் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னணு ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டு மொட்டைமாடியில் அவளுக்கு ஒரு ரேடியோ அறை உண்டு. முறையாகப் பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கியிருந்தாள், தம்பியையும் விரட்டி எழுதவைத்திருந்தாள். தீப்பெட்டிக் கட்டு அளவில் ஐந்து வாட் ரேடியோக்கள் இரண்டைத் தன் கையாலேயே செய்து, ஒன்றைப் படகில் வைத்துவிட்டாள். சைக்கிள் விளக்கு அளவுக்குத்தான் அதற்குச் சக்தி. துணைக்குரல் இருக்கும்போது இந்தக் கரகரப்பு எதற்கு என்று ஷைனி கேட்பாள். பொழுதுபோக்குதான் என்பாள் டெல்பின்.

படகு போய் இருபத்து மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து அவளுக்கு ஒரு குரல் கேட்டது. மழைக்குள் யாரோ தூரத்தில் நின்று கூப்பிடுவது மாதிரி. “அ... அ... அக்கா” என்றது. பிறகு ஏதோ எஞ்சின், ஏதோ தண்ணீர். அப்புறம் இரைச்சல் மூடிக்கொண்டது. டெல்பின் திரும்பத் திரும்ப அழைத்தாள். அவள் குரல் அங்கே போய்ச் சேரவில்லை என்பது தெரிந்தது. அவன் பதில் சொல்லாமல், சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் செருப்புக்கூடப் போடாமல் நான்கு வீடு தள்ளியிருந்த தம்பி வீட்டுக்கு ஓடினாள். ஷைனி அப்போதுதான் அவனோடு பேசி முடித்திருந்தாள். கடல் அமைதியாக இருக்கிறதாம், இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். டெல்பின் சொன்னதைக் கேட்டுப் பயந்து அவள் மறுபடி பெட்டியில் கூப்பிட்டாள். “எனக்கென்ன, நல்லா இருக்கேன். என்னதுக்குப் பதறுற?” என்றது பெர்க்மான்ஸின் குரல். எங்கும் முட்டாமல், நிதானமாக.

அந்த நிதானத்தைத்தான் டெல்பினால் நம்ப முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே அவள் துறைமுகத்திலிருந்த துணைக்குரல் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே பொறுப்பாளராக இருந்த ரெஜின் பத்து வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஆய்வகத்தில் படித்தவன். இன்னமும் மிஸ் என்றுதான் கூப்பிடுவான். திரையில் படகைக் காட்டினான். நீலக் கடலில் ஒரு பச்சைப் புள்ளி ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது.

படகுக் குடத்திலிருந்து கடைசியாக எப்போது தகவல் வந்தது என்று அவள் கேட்டாள். ரெஜின் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“எட்டு நாளாச்சு மிஸ்.”

“நேத்து ஷைனி பேசினாளே. யாருகிட்ட பேசினா?”

“லிங்க் போச்சுன்னா சிஸ்டம் பேச்சை அப்படியே நடத்திக்கிட்டுப் போகும். அந்த ஆளு என்ன பேசுவாரோ அதைத்தான் பேசும். நூத்துக்குத் தொண்ணூறு தடவை ரெண்டு மூணு நாள்ல லிங்க் வந்துரும். அதுக்குள்ள வீட்ல இருக்கவங்க பதறிரக்கூடாதுல்லா.”

“இந்தப் புள்ளி?”

“அதுவும் அப்படித்தான். எந்தப் பக்கமா போயிருக்கும்னு ஒரு கணக்கு.”

குரலில் எவ்வளவு நிஜம், எவ்வளவு நிரப்பியது என்று வீட்டாருக்கு ஏன் காட்டுவதில்லை என்று கேட்டாள். முதலில் ஒரு ஊரில் காட்டிப் பார்த்தார்களாம். பெண்கள் ராப்பகலாக எண்ணைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் கிடந்தார்களாம். அதனால் எடுத்துவிட்டார்களாம். ரெஜின் இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கள்ளம் இல்லை. ஒரு நல்ல காரியத்தை விளக்குகிறவனின் முகமாகவே இருந்தது. தேடச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றான். அவன் எழுதினானா இல்லையா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கடல் மீட்பு அறைக்குப் போன் செய்தாள். படகின் இடம் திரையில் தெரிகிறதே, ஆட்களும் வீட்டோடு பேசிக்கொண்டிருக்கிறார்களே, எங்கே போய் எதைத் தேடச் சொல்கிறீர்கள் என்று அங்கிருந்தவர் மரியாதையாகவே கேட்டார். படகு வேறு இடத்தில் இருக்கிறதென்றால் அந்த இடத்தைச் சொல்லுங்கள் என்றார்.

அந்த இடத்தைப் பெர்க்மான்ஸ்தான் சொல்லமுடியும். அவன் சொல்ல வேண்டுமென்றால் அவள் பேசுவது அவனுக்குக் கேட்க வேண்டும். ஈரம் பட்டு அவன் ரேடியோவின் காது மந்தமாகியிருக்கும், அதற்கு ஐந்து வாட் போதாது.

டெல்பின் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பவர் ஆம்ப்ளிஃபயர் செய்ய உட்கார்ந்தாள். ஒரே அலைவரிசைக்கு மட்டும் செய்வதென்றால் அவளுக்கு ஒரு நாள் வேலை. ஆனால் வானம் ஒரே மாதிரி இருப்பதில்லை. காலையில் நாற்பது மீட்டர் அலை அந்தத் தூரத்துக்குப் போகும், மதியத்துக்குமேல் இருபது மீட்டர், சில நாள் பதினைந்து. அவன் எப்போது எந்த அலையில் கூப்பிடுவான், அவனுடைய பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? எந்த அலைக்கு மாற்றினாலும் திருகித் திருகிச் சரிசெய்யாமல் அப்படியே பெருக்கித் தருகிற அகலமான ஆம்ப்ளிஃபயர்தான் வேண்டும்.

கனத்த அலுமினியத் தகட்டில் நான்கு டிரான்சிஸ்டர்களை இருபுறமும் ஜோடியாகப் பொருத்தினாள். ஒரு ஜோடி தள்ளும்போது மற்றது இழுக்கும், ரம்பத்தின் இரண்டு முனையில் இரண்டு ஆள் நிற்பதைப் போல. இவற்றின் சக்தியை ஆன்டெனாவுக்குக் கொண்டுபோவது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். ஃபெரைட் என்ற காந்தப்பொருளால் ஆன வளையங்களுக்குள் பித்தளைக் குழாயைச் செருகி, அதற்குள் கம்பியைச் சுற்றுவது. எல்லா அலைக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா இல்லையா என்பது அந்த வளையத்தின் குணத்தைப் பொறுத்தது. அவளிடம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய வளையங்கள்தான் இருந்தன. அவை சரிப்படாது என்று மூளைக்குத் தெரிந்தும் அவசரத்தில் சுற்றினாள். வெள்ளிக்கிழமை மூன்று இன்வெர்டர் பேட்டரிகளை வரிசையாக இணைத்து இயக்கியபோது நாற்பது மீட்டரில் நன்றாக வேலை செய்தது. இருபதுக்கு மாற்றியதும் வளையம் தோசைக்கல்லாகச் சுட்டது, இரண்டு டிரான்சிஸ்டர்கள் பட்டென்று வெடித்தன. கருகிய வாசனையில் அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கீழே தெருவில் யாரோ வீட்டுப் பெட்டியில் ஒரு கடலாளி தன் மகளுக்குக் கணக்குப்பாடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பாலிடெக்னிக்கில் ஆய்வகச் சாவியைப் பதிவேட்டில் எழுதாமல் எடுத்து, சரியான வளையங்களும் டிரான்சிஸ்டர்களும் கொண்டுவந்தாள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆசைப்பட்ட அலை மட்டும் வருவதில்லை. அதன் இரட்டிப்பு, மும்மடங்கு அலைகளும் அழுக்காகக் கூடவே வரும். அதை வடிகட்டாமல் வானத்தில் விடக்கூடாது என்பது உரிமத்தின் முதல் பாடம். ஒவ்வொரு அலைக்கும் ஒரு வடிகட்டி வேண்டும். அதிக வோல்டேஜ் தாங்கும் கெப்பாசிட்டர்கள் இரண்டு வடிகட்டிக்கு மட்டும்தான் தேறின. நாற்பதுக்கும் பதினைந்துக்கும் செய்துவைத்தாள். இருபதுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அவன் இருபதில்தான் வந்தான்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஸ்விட்சைத் தட்டினாள். மீட்டர் முள் நூற்றைம்பது வாட்டில் போய் நின்றது. நான் டெல்பின் பேசுகிறேன், கேட்கிறதா என்று மூன்று முறை சொல்லிவிட்டு விரலை எடுத்தாள். இரைச்சல். பிறகு அந்த இரைச்சலின் அடியிலிருந்து ஒரு ஆண் அழுகிற சத்தம் வந்தது.

“அக்கா... கே... கேக்குது. கேக்குதுக்கா.”

அவள் அழவில்லை. பேட்டரியை வீணாக்காமல் ஜி.பி.எஸ். காட்டுகிற இடத்தின் எண்களை மட்டும் சொல் என்றாள். அவன் திக்கித் திக்கி எண்களைச் சொன்னான். ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொல்ல, அவன் சரி என்றான். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் ஓர் இரவு பேரலை அடித்துக் குடத்தையும் அது நின்ற கம்பத்தையும் கொண்டுபோயிருந்தது. எஞ்சினில் தண்ணீர் ஏறிவிட்டது. கூட வந்த ததேயு அன்றைக்கே கடலோடு போய்விட்டார். மீதி பதினோரு பேர் இருக்கிறார்கள். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு மூடி. ஏரியலாகத் துடுப்பில் ஒரு கம்பியைக் கட்டி வைத்திருக்கிறானாம். தினம் நான்கு மணிக்கு ஒரு நிமிஷம் மட்டும் ரேடியோவைப் போடு, ஆள் வருகிறது என்று அவள் சொன்னாள்.

அந்த இடம் திரையிலிருந்த பச்சைப் புள்ளிக்கு முந்நூறு கிலோமீட்டர் மேற்கே இருந்தது.

மீட்பு அறையில் எண்களை எழுதிக்கொண்டார்கள். ஆனால் நிறுவனத்தின் பதிவேடு அன்று காலைகூடப் பன்னிரண்டு பேரும் வீட்டோடு பேசியதாகச் சொல்கிறது. அதை மீறி விமானம் அனுப்ப வேண்டுமென்றால், தங்களிடம் பேசியது தங்கள் ஆள் அல்ல என்று குடும்பத்தார் எழுதிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டில் ஏழு வீடாவது. பதிவில் பெயருள்ளவர்தான் கையெழுத்துப் போடமுடியும். பெர்க்மான்ஸின் பதிவில் ஷைனியின் பெயர்தான் இருந்தது.

திங்கள்கிழமை காலை பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் பங்குப் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். டெல்பின் பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினாள். பெரும்பாலும் இரைச்சல். ரெஜினும் வந்திருந்தான். இந்தக் காலத்தில் யார் குரலை வேண்டுமானாலும் யாரும் செய்துவிடலாம், அதனால் பதிவை மட்டும் வைத்து எதையும் நம்பிவிட வேண்டாம் என்று அவன் எழுந்து சொன்னான். சொல்லிவிட்டு டெல்பினைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.

ததேயுவின் மனைவி லூர்துமேரி, காலையில்தான் அவர் பேத்திக்குப் பெயர் வைத்ததாகச் சொன்னாள். செத்துப் பன்னிரண்டு நாளான மனுஷன் பெயர் வைப்பாரா என்று கேட்டாள். டெல்பின் காகிதங்களை மற்றப் பெண்களிடம் நீட்டினாள். ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஷைனி காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருமுறை கேட்டுவிடுகிறேன் என்று போனை எடுத்தாள். அதிலும் துணைக்குரல் உண்டு. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, டெல்பின் மைனி இப்படிச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடவா என்று கேட்டாள்.

பெர்க்மான்ஸின் குரல் கொஞ்சம் யோசித்தது.

“அக்கா எப்பவும் இப்படித்தான் ஷைனி. நான் ஒரு காரியத்தை நேரா செய்வேன்னு அவ ஒருநாளும் நம்பினது கெடையாது. சின்னதுலேருந்தே எனக்குப் பதிலா அவதான் பேசுவா. நீ போடண்டாம்.”

டெல்பினுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. பொய்யென்று அதைத் தள்ள முடியவில்லை. இயந்திரம் இதைத் தானாக உண்டாக்கியிருக்காது. என்றோ ஒரு பயணத்தில், மனைவியிடம் மட்டும், அவன் சொல்லியிருக்கிறான். கடைக்காரரிடம், வாத்தியாரிடம், பெண்வீட்டாரிடம் அவனுக்குப் பதிலாக அவள்தான் பேசினாள். அது அன்பு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

ஷைனி காகிதத்தை மடித்து பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அன்றும் மறுநாளும் நான்கு மணிக்கு எந்த அலையிலும் எதுவும் கேட்கவில்லை. வானம் சரியில்லையா, பேட்டரி போய்விட்டதா, இல்லை ஆளே போய்விட்டானா என்று தெரியாமல் அவள் மூன்று அலையிலும் மாறி மாறிக் கூப்பிட்டாள். புதன்கிழமை மதியம் ஷைனியின் வீட்டுக்குப் போய் அவள் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துவந்தாள். ஷைனி திமிறவில்லை. அவளுக்கும் இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

நான்கு மணிக்கு அவன் வந்தான். குரல் மிகவும் தேய்ந்திருந்தது. சூசைநாயகம் நேற்றுப் போய்விட்டார் என்றான். வேறு இரண்டு பெயரைச் சொல்லி, அவர்கள் கண்ணைத் திறக்கவில்லை என்றான். கடைசியில், பேட்டரியை மறந்து, “ஷை... ஷை... ஷை...” என்று முட்டினான். அந்தப் பெயரை அவனால் முடிக்க முடியவில்லை. நிமிஷம் முடிந்து ரேடியோ அடங்கிவிட்டது.

ஷைனி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காகிதத்த எடுங்க மைனி” என்றாள்.

விமானம் வியாழக்கிழமை காலை டெல்பின் சொன்ன எண்ணிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் படகைக் கண்டது. எட்டுப் பேர் உயிரோடு இருந்தார்கள். மூன்று பேர் அந்தத் திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் போனவர்கள்.

விசாரணை நடந்தது. செய்திக்காரர்கள் வந்து டெல்பினின் ஆம்ப்ளிஃபயரைப் படம் எடுத்தார்கள். நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. இனி எல்லாப் பெட்டியிலும் ஒரு சிவப்பு விளக்கு வைப்பதாகவும், குரல் நிரப்பப்பட்டதாக இருந்தால் அது எரியும் என்றும் அறிவித்தது. கூடவே, வடிகட்டி இல்லாமல் ஒருவர் அத்தனை வாட் சக்தியில் ஒலிபரப்பியதையும் விசாரிக்க வேண்டும் என்று யாரோ மனுக் கொடுத்தார்கள். குற்றம் உண்மைதான். அவள் மறுக்கவில்லை. அவளுடைய உரிமத்தை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். ஆய்வகப் பொருளைச் சொல்லாமல் எடுத்ததற்குப் பாலிடெக்னிக்கில் ஒரு மெமோ.

அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். லூர்துமேரி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. ததேயுவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது அந்த அம்மாள் அவளிடம் வந்தாள். கத்தவில்லை.

“கடல்தான் அவியள எடுத்துது. அதுல ஆரையும் குத்தம் சொல்லல. அதுக்கப்புறம் பன்னெண்டு நாளு அவிய எங்கூட பேசினாவ. பேத்திக்குப் பேரு வச்சாவ. நீ அதையும் எடுத்துட்ட.”

பெர்க்மான்ஸ் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்து எழுந்தான். அக்காவிடம் நன்றாகத்தான் இருந்தான். பள்ளிக்கூடத்தில் தன் குரல் என்ன சொன்னது என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஷைனி சொல்லியிருக்கக்கூடும். டெல்பினின் மாடி அறைக்கு அவன் ஏறி வரவே இல்லை. ஐந்தாம் மாதம் வேறொரு படகில் கடலுக்குப் போனான். அந்தப் படகிலும் வெள்ளைக் குடம் இருந்தது. ரேடியோ வேண்டாம் அக்கா, முதலாளி கம்பி கட்ட விடமாட்டார் என்றான். அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் மறுபடி அவனுக்குப் பதிலாக அவள் பேசுவதாக ஆகிவிடும்.

அவன் போய்ப் பத்து நாளிருக்கும். சாயங்காலம் டெல்பின் தம்பி வீட்டுக்குப் போனாள். ஷைனி அரிசி புடைத்தபடி பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். கடலில் மழையாம். ஆனால் நல்ல பாடாம். புதுப்பெட்டி. ஓரத்தில் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்று நான்கு முனையும் அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது.

டெல்பின் அதையே பார்ப்பதைக் கண்டு ஷைனி முறத்தைக் கீழே வைத்தாள்.

“நான் ஒட்டல மைனி. அவியதான் போறதுக்கு முன்ன ஒட்டிட்டுப் போனாவ. எரிஞ்சா நீ இங்கேருந்து என்ன செய்யப் போற, அணைஞ்சு கெடந்தா மட்டும் நான் நாளைக்கு இருப்பேன்னு என்ன நிச்சயம்னு கேட்டாவ.”

பிளாஸ்திரியின் மேல்முனை லேசாகக் கிளம்பியிருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் வந்துவிடும். டெல்பின் கையை நீட்டினாள். ஷைனி தடுக்கவில்லை, வேறுபக்கம் பார்த்துக்கொண்டாள்.

“அக்கா வந்திருக்காளா?” என்றது பெட்டி. “பேச்சே காணல?”

டெல்பின் கையை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

“இங்கதான் இருக்கேன். சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் அக்கா” என்றான் தம்பி.